எரிந்த மலையிற் பந்தயப் பாதை வகுத்தல்

காட்டுத்தீ அணைந்த நாளோடு மலையின் துன்பமும் ஒழிந்தது என்று எண்ணுவோர் பலர். தீ முற்றிலும் அடங்கிற்று என்னும் செய்தி பத்திரிகைகளில் வெளிவந்ததும் அம்மலையைப் பற்றிய பேச்சும் அடங்கிவிடுகின்றது. உண்மையோ வேறு. தீயினால் விளையுங் கேடுகளிற் பெரியன சில, தீ அணைந்த பின்னரே தலைகாட்டுகின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கொலராடோ மாகாணத்தில், டென்வர் நகருக்குத் தென்மேற்கே, பஃபலோ கிரீக் என்றொரு சிற்றூர் உண்டு. 1996-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் அவ்வூரை அடுத்த பைன் காட்டில் தீப்பற்றி ஏறக்குறைய 12,000 ஏக்கர் நிலத்தைக் கருக்கிற்று. பின்னர் எட்டு வாரங்கள் நிறையுமுன், ஜூலை 12-ஆம் நாள், அக்கருகிய சரிவுகளின்மேல் ஓர் இடிமழை பெய்தது. பெய்த நேரம் சிறிது. விளைந்த வெள்ளமோ கரியும் சாம்பலும் பாறையும் மரத்துண்டுகளுமாகப் பள்ளத்தாக்கை நிறைத்தது. இருவர் உயிர் துறந்தனர். ஆற்றின் கீழே டென்வர் நகரத்தார்க்குக் குடிநீர் தரும் ஸ்டிரான்டியா ஸ்பிரிங்ஸ் என்னும் நீர்த்தேக்கத்தில், முந்திய பதின்மூன்று ஆண்டுகளில் அடைந்த வண்டலினும் மிகுதியான வண்டல் அவ்வெள்ளத்தால் வந்து படிந்தது. 2002-ஆம் ஆண்டு இதே ஆற்றுப்படுகையில் ஹேமன் தீ என்னும் மற்றொரு பெருந்தீ மூண்டது. இவ்விரு தீக்களாலும் நேர்ந்த சேதத்தைச் செப்பனிட நகர நீர்நிலையத்தார் 2 கோடியே 70 இலட்சம் டாலருக்கு மேற் செலவிட நேரிட்டது.

இத்தகைய நிலத்தின் வழியே இந்நாளில் மலைச் சைக்கிள் வீரர் பந்தயம் ஓடுகின்றனர் என்றால் நம்மில் பலர் வியப்புறுவர். டென்வர் நகரின் அருகே தொடங்கி டுராங்கோ நகரிற் சென்று முடியும் கொலராடோ டிரெயில் என்னும் நெடும்பாதை ஏறக்குறைய 486 மைல் நீளமுடையது. தொண்டர்களின் கைகளால் வெட்டப்பட்டு 1987-இல் நிறைவெய்தியது. 2007 முதல் இப்பாதையை ஒட்டிச் சைக்கிள் வீரர் பந்தயம் நடத்தி வருகின்றனர். இப்பாதை பஃபலோ கிரீக் தீ தின்ற நிலத்தின் நடுவே செல்கின்றது. ஆதலின் எரிந்த மலையிற் பந்தயப் பாதை வகுப்பவர் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்பதை இவ்விடத்தையே சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

முதலில் மண்ணைப் பற்றிக் கூறுதல் வேண்டும். ஏனெனில் மற்றவையனைத்தும் அதனின்றே கிளைக்கின்றன. பைன் மரத்தின் ஊசியிலைகளும் சருகுகளும் மெழுகு போன்ற பசைப்பொருள்களை உடையன. தீயின் வெப்பத்தால் இவை ஆவியாகி, ஒரு பகுதி புகையோடு மேலே போக, ஒரு பகுதி மண்ணின் இடுக்குகளினூடே கீழ்நோக்கிச் செல்லும். ஓரிரு அங்குல ஆழத்தில் மண் குளிர்ந்திருத்தலின், ஆவி ஆங்கே உறைந்து மணற்குருணைகளின்மேற் பூச்சாகப் படியும். இங்ஙனம் நிலத்தின் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே, நீரை ஏற்காத ஓர் அடுக்கு உண்டாகின்றது. வெப்பம் ஏறத்தாழ 175 முதல் 200 சென்டிகிரேடு பாகை வரை எட்டிய மண்ணில் இவ்வடுக்கு வலுப்பெறுகின்றது. 300 பாகையை அணுகினாற் பசை தானே எரிந்து நீங்கிவிடுகின்றது. பரும்படியான மணல் மிகுந்த நிலத்திற்கு இக்கேடு அதிகம். பஃபலோ கிரீக் மண்ணோ, நூறு கோடி ஆண்டு வயதுடைய கருங்கற்பாறை உதிர்ந்துண்டான சரளை. பட்டாணிக்கடலை அளவிலும் அதனிற் சிறிதாகவும் உருளும் கற்குருணைகளே அங்கு மண்ணெனப்படுவது.

மழைநீர் வீழ்ந்ததும் மேலடுக்கு நனைகின்றது. கீழே இறங்க வழியில்லை. நனைந்த மேல்மண் கனத்துச் சரிவின்வழி நழுவுகின்றது. தடுத்து நிறுத்தப் புல்லும் இல்லை, சருகும் இல்லை. இந்நிலையில் மலைச்சரிவின் குறுக்கே ஓர் ஒற்றையடிப்பாதை செல்லுமாயின், ஓடும் நீருக்கு அதுவே ஆயத்தமான வாய்க்கால் ஆகிவிடுகின்றது. பாதையில் இறங்கிய நீர் பாதைவழியே ஓடி, ஒரே மழையில் முழங்கால் ஆழம் அரித்துப்போதலும் உண்டு. அங்ஙனம் அரிந்த மண்ணும் முடிவில் ஒரு நீர்த்தேக்கத்திற்கே போகின்றது என்பதைப் பாதை வகுப்போர் மறக்கலாகாது. பந்தயக்காரர் ஒருவர் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொள்வது அவருடைய காரியம். நகரத்தாரின் குடிநீரிற் சேறு கலப்பது அவருடைய காரியம் மட்டுமன்று.

நிற்க. பாதை வகுப்பவர் கையில் முதலில் வந்து சேரும் கருவி ஒரு வரைபடம். பெருந்தீக்குப் பின்னர் அமெரிக்க வனத்துறையார் மண்ணறிஞரும் நீரறிஞரும் அடங்கிய குழுவொன்றை விரைவில் அனுப்பி, எரிந்த நிலத்தை அளவிடுகின்றனர். விண்ணிற் சுற்றும் லாண்ட்சாட் துணைக்கோள்களின் படங்கள் அவர்கட்கு உதவுகின்றன. பசிய இலை, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியிற் கண்ணுக்கு அண்மையான பகுதியை மிகுதியாகத் திருப்பியனுப்பும் இயல்புடையது. எரிந்து வெறிதான மண் அவ்வொளியிற் சேய்மையான பகுதியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். தீக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் இவ்வகையில் ஒப்பிட்டு வேற்றுமையைக் கணக்கிட்டால், எங்கே கடுமையாக எரிந்தது, எங்கே தீ நுனிநாக்கால் நக்கிச் சென்றது என்பது வண்ணங்களாக விளங்கும்.

ஆயினும் இப்படத்தை முழுதும் நம்பிப் பாதை கீறுவோர் ஏமாறுவர். அதன் ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய நூறடிச் சதுரம். நமது பாதையின் அகலமோ இரண்டடி. மேலும் துணைக்கோள் காண்பது மரத்தலைகளையே. மேலே இலை கருகிக் கீழே மண் நலமாயிருத்தலும், மேலே சில இலைகள் பச்சையாயிருக்கக் கீழே விழுந்து கிடந்த பெருமரம் பல மணி நேரம் புகைந்து மண்ணைச் சுட்டிருத்தலும் உண்டு. ஆதலின் நடந்தே பார்த்தல் வேண்டும். மண்ணைக் கையாலே கிளறினால் மெல்லிய வேர்கள் உயிரோடு அகப்படுகின்றனவா? சாம்பல் கருமையா, வெண்மையா? வெண்சாம்பலும் அதன்கீழ்ச் செங்கல் நிறமான மண்ணும் கடுந்தீயின் அடையாளங்கள். பின்னர், மேற்சாம்பலை விலக்கி மண்ணின்மேல் ஒரு துளி நீரை விடுதல் வேண்டும். துளி உடனே உறிஞ்சப்படின் நன்று. தாமரையிலை நீர்போல உருண்டு நாற்பது நொடிக்கு மேல் நின்றால் அம்மண் நீரை வலுவாக வெறுக்கின்றது என்க. ஒரு குப்பி நீரும் ஒரு கடிகாரமும் கொண்டு செய்யத்தக்க இச்சோதனையைப் போன்ற எளிய, பயனுள்ள சோதனை பிறிதொன்றை யாம் அறியோம். இதனைப் பாதை நெடுகிலும், அரைமைலுக்கு ஒருமுறையேனும், மேற்பரப்பிலும் ஓரங்குல ஆழத்திலும் ஈரங்குல ஆழத்திலும் செய்து பார்த்துக் குறித்தல் வேண்டும்.

இனிப் பாதையின் ஏற்றம். மலைச் சைக்கிள் பாதை அமைப்போர் கைக்கொள்ளும் விதி இரண்டு உண்டு. பாதையின் சாய்வு, அது குறுக்கிடும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேற்படலாகாது என்பது ஒன்று. மேற்படின் நீர் பாதையைக் கடந்து செல்லாமற் பாதையோடே இறங்கும். பாதை முழுமைக்கும் சராசரி ஏற்றம் நூறடிக்குப் பத்தடியைத் தாண்டலாகாது என்பது மற்றொன்று. இவை நல்ல காட்டிற்குரிய விதிகள். எரிந்த சரளை நிலத்தில் அப்பத்தடியைச் சராசரியாகக் கொள்ளாது உச்சவரம்பாகவே கொள்ளுதல் தகும் என்பது எமது கருத்து. பாதையின் வெளியோரம் உள்ளோரத்தினும் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். ஐம்பதடிக்கு ஒருமுறையேனும் பாதையே சிறிது இறங்கி ஏறுமாறு செய்து, நீர் அத்தாழ்விடத்தில் வெளியே வழிந்துபோகவும் வழி செய்தல் வேண்டும். பழைய பாதை நேரே இறங்குமிடத்தை எவ்வளவு திருத்தினும் பயனில்லை. அதனைக் கைவிட்டுச் சுற்றி வருதலே முறை. பந்தயக்காரர் சிலர் இதற்கு முகஞ்சுளிப்பர். செங்குத்தான இறக்கமே பந்தயத்தின் சுவை என்பர். அச்சுவையை எரியாத மலையில் அவர்கள் நுகரட்டும்.

மண்ணுக்கடுத்தபடி மரம். தீயில் மடிந்த மரம் உடனே விழுந்துவிடுவதில்லை. பட்டமரமாக ஆண்டுக்கணக்கில் நிற்கின்றது. மூன்றாம் நான்காம் ஆண்டுகளுக்குமேல் அடிமரமும் வேரும் உளுத்து, பத்தாண்டுக்குள் பெரும்பாலானவை சாய்கின்றன. ஆகவே தீக்குப்பின் முதலாண்டினும் ஐந்தாம் ஆண்டில் மரத்தால் அபாயம் அதிகம். மண்ணின் கதையோ இதற்கு நேர்மாறானது. நீரை வெறுக்கும் அடுக்கு முதலாண்டில் வலுத்து நின்று, பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் தளர்கின்றது. ஓர் அபாயம் குறையுங்காலத்தே மற்றொன்று வளர்கின்றது. தீ அணைந்து மூன்றாண்டாயிற்று, இனி அச்சமில்லை என்று பேசுவோர் இதனை அறியாதவர்.

பட்டமரம் விழுவதற்குப் பெருங்காற்று வேண்டுவதில்லை. காற்றே இல்லாத காலைப்பொழுதிலும் ஓசையின்றி முறிந்து வீழும். எனவே பாதை வகுப்பவர் ஒவ்வொரு பட்டமரக் கூட்டத்தையும் காலத்தால் அளத்தல் வேண்டும். அரைமைல் நீளம் பட்டமரங்களின் ஊடே பாதை செல்வதாகக் கொள்வோம். ஏற்றத்தில் மணிக்கு நான்கு மைல் வேகத்திற் செல்லும் வீரர் ஒருவர் அம்மரங்களின்கீழ் ஏழரை நிமிஷம் இருப்பார். இறக்கத்தில் மணிக்குப் பதினைந்து மைல் வேகத்திற் செல்வாராயின் இரண்டு நிமிஷமே இருப்பார். நூறு வீரர் ஏறினால் பன்னிரண்டரை மணி நேரம், நூறு வீரர் இறங்கினால் மூன்று மணி இருபது நிமிஷம், மனித உடல் மரத்தின்கீழ் இருக்கின்றது. ஆகையால் பட்டமரக் காட்டை இறக்கமாகக் கடத்தலே நலம் என்று தோன்றும்.

அங்ஙனம் முடிவுகட்டுமுன் மற்றொன்றையும் நோக்குக. தீ நிலத்தின்மேல் மட்டும் எரிவதன்று; பெருமரத்தின் அடிக்கட்டையைப் பற்றி, வேர்வழியே நிலத்துள் இறங்கிப் பல நாள் கனன்று, வேர் இருந்த இடத்தை வெற்றுக் குழாயாக்கிவிடுகின்றது. மேலே மண் மெல்லிய மூடியாக நிற்கும். அதன்மேல் முன்சக்கரம் ஏறினால் மூடி உடைந்து சக்கரம் உள்ளே இறங்கும். ஏறிச்செல்பவர் நின்றுவிடுவார், விரைந்திறங்குபவர் தலைகுப்புற வீழ்வார். மேலும் இலையும் தழையும் ஒழிந்த மலையில் நெடுந்தூரம் பாதை கண்ணுக்குத் தெரிதலின் வீரர்க்குத் துணிவு மிகுந்து வேகமும் மிகும். ஆகவே மரத்தை நோக்கின் இறக்கமும், வேர்க்குழியை நோக்கின் ஏற்றமும் நலம் என்று முரண்படுகின்றன. இம்முரணைத் தீர்க்கப் பொதுவிதி இல்லை. இரும்புக் கம்பியொன்றைக் கையிற்கொண்டு அடிக்கட்டைகளைச் சுற்றி நிலத்தைக் குத்திப்பார்த்து, குழிகளை உடைத்துக் கல்லும் மண்ணும் இட்டு நிரப்பக்கூடிய இடமாயின் இறக்கமாக வகுக்கலாம். நிரப்பவியலாதவாறு குழிகள் மலிந்த இடமாயின் ஏற்றமாக வகுத்து, ஓரத்து மரங்களைத் தேர்ந்த அறுப்பாளரைக் கொண்டு அறுத்துத் தள்ளுதல் வேண்டும். இரண்டும் இயலாதாயின் அவ்வழி பந்தயத்திற்கு உரியதன்று. கொலராடோ பந்தயத்தில் ஓராண்டு டென்வர்ப் பக்கமிருந்தும் மறு ஆண்டு டுராங்கோப் பக்கமிருந்தும் புறப்படும் வழக்கம் உண்டு. ஓராண்டு ஏறிய சரிவில் மறு ஆண்டு இறங்குகின்றனர். அத்தகைய பந்தயத்திற்குப் பாதையை இருமுறை, இருவேறு கண்களோடு நடந்து பார்த்தல் இன்றியமையாதது.

வீரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவரினும் அபாயத்திற்கு உள்ளாகுபவர் ஒருவர் உண்டு. அவர் வழிகாட்டவும் எண்ணைக் குறிக்கவும் ஓரிடத்தே நிற்குந் தொண்டர். வீரர் சில நிமிஷங்களிற் கடந்துபோகும் இடத்தில் இவர் காலைமுதல் மாலைவரை அமர்ந்திருக்கின்றார். சம்பளம் பெறாத இவ்வேலைக்குப் பெரும்பாலும் கல்லூரி மாணவரும் உள்ளூர் முதியோருமே வருவது வழக்கம். ஆகவே தண்ணீர்ப்பந்தலும் கணக்கர் இருக்கையும் வண்டி நிறுத்துமிடமும், அயலில் நிற்கும் மிக உயர்ந்த பட்டமரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரத்திற்கு அப்பால் அமைதல் வேண்டும். நூறடி மரமாயின் இருநூறடி. அத்துணை வெளி கிடையாத இடத்திற் பந்தல் வேண்டாம். வீரர் தாகத்தோடு இன்னும் ஒரு மைல் செல்லட்டும்.

தாகம் என்றதும் நிழலையும் நீரையும் பற்றிச் சொல்ல வேண்டியதாகின்றது. கொலராடோ டிரெயில் சவுத் பிளாட் ஆற்றை ஏறக்குறைய 6,100 அடி உயரத்திற் கடந்து பஃபலோ கிரீக் தீநிலத்தின் மேலேறுகின்றது. அங்கிருந்து சுமார் பத்து மைல் தூரம் நம்பத்தக்க நீரில்லை. நிழலும் மிக அருமை. தீ நிகழ்ந்து இத்தனை ஆண்டு கழிந்தும் ஏன் காடு திரும்பவில்லை என்று கேட்கலாம். அங்குள்ள பாண்டரோசா பைன் தீக்கு அஞ்சாத மரமாகவே இருந்தது. தடித்த பட்டையுடையது, சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து செல்லும் சிறு தீக்களை நூற்றாண்டுகளாகத் தாங்கி நின்றது. சென்ற நூற்றாண்டில் எல்லாத் தீயையும் உடனுக்குடன் அணைக்கும் கொள்கை வலுப்பெற்றதனால், இடையிலே நெருங்கி முளைத்த இளமரங்களும் சருகும் பெருகின. பின்னர் வறட்சியிற் பற்றிய தீ அவ்விளமரங்களை ஏணியாகக் கொண்டு மரத்தலைகளுக்கு ஏறிவிட்டது. தாய்மரங்கள் பரந்த அளவில் ஒருங்கே மடிந்தன. இம்மரத்தின் விதை கனமானது. தாய்மரத்தை விட்டுச் சில நூறடிக்கு அப்பால் அரிதாகவே செல்லும். ஆகவே பெருந்தீயின் நடுப்பகுதியில் இன்றும் புல்லும் புதருமே காணப்படுகின்றன. பாதை வகுப்பவர்க்கு இதன் பொருள் யாதெனின், நிழலின்மை ஓராண்டுக் குறையன்று, ஒரு தலைமுறைக் குறை என்பதே. பழைய வரைபடத்திற் காட்டிய காட்டை நம்பி நண்பகலில் அங்கே வீரரை ஏற்றுவது பேதைமை. அத்தீநிலத்தின் மேலெல்லையில், தொண்டர் தீயணைப்பு நிலையமொன்றின் வெளிப்புறத்தே ஒரு தண்ணீர்க்குழாய் இருப்பதை நெடும்பாதைச் செல்வோர் ஒருவர்க்கொருவர் சொல்லிவைப்பது வழக்கம். அக்குழாய் எத்தனை பேரைக் காத்ததோ!

இவ்விடத்திற் சட்டத்தின் விந்தையொன்றையும் கூறாதிருத்தல் இயலாது. பஃபலோ கிரீக்கிற்கு அப்பால் லாஸ்ட் கிரீக் என்னும் காவற்காடு வருகின்றது. 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய காவற்காட்டில் எந்திரப் போக்குவரத்துக்கு இடமில்லை. சைக்கிளும் அத்தடையுள் அடங்கும். கால்நடையாகச் செல்பவர் அடர்ந்த காட்டினூடே செல்ல, சைக்கிள் வீரரோ தெற்கே விலகி, மண்சாலைகளிலும் டாரியால் சாலையிலுமாக ஏறத்தாழ 70 மைல் சுற்றி வருகின்றனர். அச்சுற்றுவழி ஹேமன் தீயின் நிலத்தை ஊடறுத்துச் செல்கின்றது. 2002-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் மூண்ட அத்தீ, மறுநாள் ஒரே நாளில் ஏறக்குறைய 60,000 ஏக்கரை விழுங்கி, முடிவில் 1,38,000 ஏக்கர் அளவிற்குப் பரவிற்று. 2020 வரை அம்மாகாணத்துத் தீக்களுள் இதுவே மிகப் பெரிது. காட்டைக் காக்க அமர்த்தப்பெற்ற ஊழியர் ஒருவர் மூட்டிய நெருப்பே அதற்குக் காரணம் என்று நீதிமன்றத்தில் உறுதியாயிற்று. பசுங்காட்டைக் காக்கும் பொருட்டு எழுந்த சட்டம் வீரரை எரிகாட்டிற்கு அனுப்புகின்றது. சட்டத்தை யாம் குறைகூறவில்லை. காவற்காடு காவற்காடாகவே இருக்கட்டும். ஆனாற் பாதை வகுப்பவர் தம் விருப்பப்படியே கோடு கீறலாம் என்று எண்ணுவோர்க்கு இஃதொரு நல்ல சான்று.

சாலையாயிற்றே, அபாயமில்லை என்று கருதலாகாது. ஒற்றையடிப்பாதை நீரைத் தன்மேல் வழியவிடும். சாலையோ நீரைக் குழாய்வழி அடியிற் போக்கும். காடு எரிந்தபின் கரிக்கட்டைகளும் கிளைகளும் வந்து குழாய்வாயை அடைத்துக்கொள்ள, நீர் தேங்கி, சாலையையே உடைத்துக்கொண்டு செல்லும். மேலே தார் நன்றாயிருக்க அடியில் மண் கரைந்துபோயிருத்தலும் உண்டு. ஆகவே சாலை நெடுகக் குழாய்வாய்களை எண்ணி, அடைபட்டவற்றைக் குறித்துச் சாலைத்துறையார்க்குப் பந்தயத்திற்குப் பல வாரம் முன்னரே எழுதுதல் வேண்டும்.

அடுத்துக் காலம். கொலராடோ மலைகளில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிற் காலைவானம் தெளிந்திருந்து, நண்பகலுக்குப்பின் இடிமுகில் திரண்டு, குறுகிய பெருமழை பெய்தல் இயல்பு. எரிந்த சரிவைக் குலைப்பதற்கு நாள் முழுதும் பெய்யும் மழை வேண்டுவதில்லை; கால்மணி நேரத்திற் கால் அங்குலம் பெய்தாற் போதும். அளவிற் சிறிய இம்மழை பசுங்காட்டில் ஒரு சுவடும் இன்றி மறைந்துவிடும். அன்றியும் மழை பெய்யுமிடம் வேறு, வெள்ளம் வருமிடம் வேறு. வீரர் நிற்குமிடத்தில் வெயில் காயும். மூன்று மைலுக்கு மேலே பெய்த மழை ஓடைவழியே திடீரென இறங்கிவரும். ஆகவே வைகறையிற் பந்தயத்தைத் தொடங்கி, ஓடைகளைக் கடக்குமிடங்கள் யாவும் நண்பகலுக்குள் முடியுமாறு பாதையை வகுத்தல் வேண்டும். பின்தங்கிய வீரர் நண்பகலுக்குப்பின் ஓடைப்பக்கம் செல்லாவாறு அதற்கு முந்திய பந்தலிலேயே நிறுத்திவிடுதற்கும் ஏற்பாடு வேண்டும். அங்ஙனம் நிறுத்தப்பட்டவர் கோபிப்பர். நுழைவுக்கட்டணத்தைத் திருப்பித் தரும்படியும் கேட்பர். தந்துவிடலாம். மேட்டிலே ஒருவரை மழைமானியோடு நிறுத்தி, கம்பியில்லாக் கருவியாற் செய்தி சொல்லச் செய்தல் பெருஞ்செலவன்று.

மாற்றுவழி ஒன்றையும் முதலிலிருந்தே வகுத்து வைத்தல் வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஜூன் முதல்நாள் டுராங்கோ நகருக்கு வடக்கே 416 தீ என்று பெயர் பெற்ற தீ மூண்டு, ஏறத்தாழ 54,000 ஏக்கர் எரித்தது. அம்மாதம் 12-ஆம் நாள் சான் வான் தேசியக்காடு முழுவதையும், தீ அண்டாத பகுதிகளோடுங்கூட, வனத்துறையார் மக்களுக்கு மூடிவிட்டனர். அடுத்த மாதத்து மழையில் எரிந்த சரிவுகளிலிருந்து சேறும் பாறையும் நெடுஞ்சாலையில் இறங்கின. ஓராண்டு முழுதும் செய்த ஏற்பாடு ஒரே ஆணையால் வீணாகலாம் என்பதை அறிந்தவரே இத்தொழிலுக்கு உரியவர். ஆணை வந்தபின் வனத்துறை அலுவலகத்து வாயிலில் நின்று வாதிடுவதிற் பயனில்லை.

சைக்கிள்களை முன்னரே கழுவிவரச் செய்தல் சிறு காரியமெனினும் விடத்தக்கதன்று. சக்கரச் சேற்றில் ஒட்டிவரும் களைவித்துக்கள் வெறுநிலத்தில் விரைந்து பரவும். அயல்நாட்டுச் சீட்புல் இவ்வாறு பரவிக் கோடையில் உலர்ந்து, அடுத்த தீக்கு விறகாகின்றது.

இவ்வளவு தொல்லையெனின் எரிந்த மலையிற் பந்தயமே எதற்கு என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச்சு 11-ஆம் நாள் மலையேறச் சென்ற இளைஞர் பலர் காட்டுத்தீயில் அகப்பட்டு மாண்டதை மறவாத நம் மாணவர்க்கு அவ்வினா இன்னும் நெருக்கமாகத் தோன்றும். முதலாண்டிற் பந்தயம் கூடாது என்பதே எமது துணிபு. மண் ஒரு கோடை மழையையும் ஒரு பனிக்காலத்தையும் கண்டு அமைதல் வேண்டும். அதன்பின் வேண்டும் என்பதற்கும் காரணமுண்டு. மலையூர்களிற் காடு எரிந்தால், வருவோர் நின்றுவிடுகின்றனர்; உணவுக்கடையும் தங்கும் விடுதியும் மூடப்படுகின்றன. பாதைகளைப் பழுதுபார்ப்பதற்கு அரசாங்கத்தின் பணம் முன்னே வருவதில்லை. வீடும் சாலையும் குடிநீருமே முன்னே வரும், வருதலும் முறையே. பாதையைச் சீராக்குபவர் பெரும்பாலும் அப்பாதையைப் பயன்படுத்துபவரே. பந்தயத்திற்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரும் இரண்டு நாளேனும் மண்வெட்டி பிடித்துப் பாதைவேலை செய்தல் வேண்டும் என்று நிபந்தனை வைப்பின், நூறு வீரரால் இருநூறு நாள் வேலை கிடைக்கும். கட்டணத்தை உயர்த்துவதினும் இது மேல் என்று எமக்குத் தோன்றுகின்றது. வேர்க்குழியைத் தன் கையால் நிரப்பினவன் அவ்விடத்தே வேகத்தைத் தானே குறைப்பான்.

பந்தய நாட்காலையிற் செய்யவேண்டுவதொன்று எஞ்சியிருக்கின்றது. முதல் வீரர் புறப்படுவதற்கு முன், விடியும் வெளிச்சத்தில், இருவர் அறுவாளோடும் கம்பியில்லாக் கருவியோடும் பட்டமரப் பகுதியை நடந்து கடத்தல் வேண்டும். முந்திய மாலையிற் பாதை நலமாயிருந்தது என்பது போதிய சான்றன்று. இரவிலே மரம் விழுந்திருக்கலாம். விழுந்ததை அறுத்து அகற்றவேண்டும். பாதி சாய்ந்து அடுத்த மரத்தின்மேல் தொங்குவதாயின் அதனைத் தொடாது, செய்தி சொல்லி, மாற்றுவழியைத் திறந்துவிட வேண்டும். அவ்விருவரும் வழி நலம் என்று சொல்லும்வரை, கீழே ஆற்றங்கரையிற் சைக்கிள்கள் வரிசையாகக் காத்து நிற்கும்.